நதிமூலம், ரிஷிமூலம், ரேயின் மூலம்

ரே யாருடைய மகள்? 2015 டிசம்பரில் அவளை நாயகியாக்கிய ‘தி ஃபோர்ஸ் அவேக்கன்ஸ்’ வெளிவந்ததிலிருந்து 2017 டிசம்பரில் அடுத்த படம் வரும்வரை ஸ்டார் வார்ஸ் விண்வெளிப் படங்களின் ரசிகர்கள் இந்த ஒரே கேள்வியோடுதான் தூங்கி எழுந்தார்கள். நானும் அவர்களில் ஒருவன். பழைய படங்களின் நாயகன் லூக் ஸ்கைவாக்கரின் மகள், லூக்கின் தோழன் ஹானுக்கும் இளவரசி லேயாவுக்கும் பிறந்தவள், லூக்கின் குரு ஓபி-வான் கெனோபியின் பேத்தி, வில்லனான பேரரசர் பால்பட்டினின் பேத்தி, லூக்கின் அப்பா அனாக்கினின் மறுபிறவி என்று ஒவ்வொரு தியரிக்கும் ஒரு கட்சி இருந்தது. ஒவ்வொரு கட்சியிடமும் கத்தை கத்தையாகச் சாட்சியங்கள் இருந்தன. இத்தனை வருடங்கள் கழித்தும் அவற்றை நான் விரும்பிப் படிக்கிறேன். பதில்தான் தெரிந்துவிட்டதே, இனிமேல் அதில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். மூன்று படங்களின் முடிவுகளும் கீழே வரும். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

ரசிகர்களுக்கு இந்தப் பழக்கத்தை ஊட்டியதே இந்தத் தொடர்தான். 1977-இல் வந்த முதல் படத்தில் லூக் தன் அப்பாவைப் பற்றிக் கேட்கும்போது அவனுக்குக் கிடைப்பது ஒரு சின்னக் கதை. அப்பா அருமையான விமானி, ஃபோர்ஸ் என்ற சக்தியை ஆளும் ஜெடை வீரர், அவரை டார்த் வேடர் கொன்றுவிட்டான், அவ்வளவுதான். சொல்பவர் கெனோபி. பெரியவர், நல்லவர், அவரைச் சந்தேகிக்க யாருக்கும் தோன்றாது. 1980-இல் ‘தி எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்’ வருகிறது. கை வெட்டுப்பட்டு, அடி தெரியாத பள்ளத்துக்கு மேலே ஒரு கம்பத்தைக் கட்டிக்கொண்டு தொங்கும் லூக்கிடம், அந்த அப்பா நான்தான் என்கிறான் வேடர். அந்த ரகசியத்தைக் காக்க அவர்கள் பட்ட பாடு தனிக்கதை. வேடரின் உடைக்குள் இருந்த டேவிட் ப்ரௌஸுக்குக் கொடுத்த வசனமே வேறு. உன் அப்பாவைக் கொன்றது ஓபி-வான்தான் என்றுதான் அவர் படப்பிடிப்பில் பேசினார். லூக்காக நடித்த மார்க் ஹாமிலுக்கு உண்மையைச் சொன்னது காட்சி எடுப்பதற்குச் சற்று முன்புதான். வேடருக்குக் குரல் கொடுத்த ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ்கூடத் தன் வசனத்தைப் படித்தபோது, வேடர் பொய் சொல்கிறான் என்றுதான் நினைத்தாராம்.

அதே படத்தில் ஜெடை குரு யோடா, லூக்கைத் தவிர இன்னொரு நம்பிக்கையும் இருக்கிறது என்று ஒரு வாக்கியத்தைப் போட்டுவிட்டுப் போகிறார். யார் அந்த இன்னொருவர் என்று மூன்று வருடங்கள் மண்டையை உடைத்துக்கொண்டவர்களுக்கு 1983-இல் கிடைத்த பதில்: லேயா, லூக்கின் கூடப்பிறந்தவள். 1999-இல் வந்த முன்கதைப் படத்தில், பின்னால் வேடராக மாறும் அனாக்கினுக்கு அப்பாவே கிடையாது என்று அவன் அம்மா சொன்னாள். 2005-இல், ஓர் அரங்கில், ஜெடைகளின் எதிரிகளான சித்களில் ஒருவனும் உயிரையே உருவாக்கத் தெரிந்தவனுமான டார்த் பிளேகஸின் கதையை அனாக்கினிடம் மெதுவாக அவிழ்த்தார் பால்பட்டின். அப்பா இல்லாமல் பிறந்தவனிடம் இந்தக் கதையை ஏன் சொல்ல வேண்டும்? இப்படி ஒவ்வொரு தலைமுறை ரசிகருக்கும் இந்தத் தொடர் சொல்லிக்கொடுத்த பாடம் ஒன்றுதான்: பெரியவர்கள் சொல்லும் பிறப்புக் கதையை அப்படியே நம்பாதே.

அந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டு வந்து உட்கார்ந்தவர்களுக்கு முன்னால், 2015-இல், குலப்பெயர்கூட இல்லாத ஒரு பெண்ணைப் பாலைவனத்தில் தனியாக நிறுத்தினால் என்ன ஆகும்?

ஜாக்கு என்ற பாலைவனக் கிரகத்தில் ரே அறிமுகமாகும் அந்தக் காட்சிகளை நான் இந்தத் தொடரின் மிகச் சிறந்த பகுதிகளில் ஒன்றாக நினைக்கிறேன். ஏறக்குறைய பேச்சே இல்லை. விழுந்து கிடக்கும் ராட்சத ஸ்டார் டெஸ்ட்ராயர் போர்க்கப்பலின் வயிற்றுக்குள் கயிற்றில் தொங்கி உதிரிபாகங்களைக் கழற்றுகிறாள். மணல்மேட்டில் சறுக்கிக்கொண்டே இறங்குகிறாள். சந்தையில் ஒரு மேசை முன்னால் உட்கார்ந்து அந்தப் பாகங்களைத் தேய்த்துச் சுத்தம் செய்கிறாள். எதிரே ஒரு வயதான பெண்மணி அதே வேலையைச் செய்துகொண்டிருக்கிறார். ரே கையை நிறுத்திவிட்டு அவரையே பார்க்கிறாள். அந்தப் பார்வைக்கு விளக்கம் எதுவும் கிடையாது, தேவையும் இல்லை. ஜாக்குவிலேயே இருந்தால் தான் என்ன ஆவோம் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. அப்புறம் அன்கர் ப்ளட் என்ற வியாபாரி தரும் அற்ப உணவுப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறாள். வீடு என்பது பழைய போரில் கவிழ்ந்து விழுந்த ஓர் ஏடி-ஏடி போர் இயந்திரம். உள்ளே சுவர் முழுக்கக் கீறல்கள், காத்திருக்கும் நாட்களின் கணக்கு. புரட்சிப் படை விமானியைப் போலச் செய்த துணிப் பொம்மை ஒன்று. தண்ணீரில் போட்ட மாவு உப்பி ரொட்டியாகிறது, அதைத் தின்றுவிட்டுத் தட்டையும் நக்குகிறாள். வெளியே வந்து, தலைக்குப் பெரிதான பழைய விமானித் தலைக்கவசம் ஒன்றை மாட்டிக்கொண்டு, தூரத்தில் கிளம்பிப் போகும் கப்பலைப் பார்க்கிறாள்.

தியரிக்காரர்கள் இந்தக் காட்சியில் தலைக்கவசத்தையும் பொம்மையையும் பிடித்துக்கொண்டார்கள். தலைக்கவசம் யாருடையது? பொம்மை யாரைப் போலிருக்கிறது? சுவரில் எத்தனை கீறல்கள்? நான் பிடித்துக்கொண்டது கீறலை. அதற்குப் பிறகு வருகிறேன்.

கர்ணன் யார் என்பது கர்ணனுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். அதனால்தான் நிறைந்த அரங்கில் அவனிடம் குலம் என்ன என்று கேட்கும்போது நமக்கு நெஞ்சு வலிக்கிறது. ரேயின் விஷயத்தில் அவளுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. வலிக்க வேண்டிய இடத்தில் துப்பறியும் ஆசை வந்து உட்கார்ந்துகொள்கிறது. அதை ரசிகர்களின் கோளாறு என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். கதை அப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது. முதல் படம் முழுக்கக் கேள்வியைத் தூவிக்கொண்டே போகிறது. ஒரு பெண்ணும் தப்பித்துவிட்டாள் என்று கேட்டதும், எந்தப் பெண் என்று, ஹான்-லேயாவின் மகனும் வில்லனுமான கைலோ ரென் அதிகாரியின் கழுத்தைப் பிடித்து இழுக்கிறான். அவனுக்கு ஏற்கெனவே தெரியுமா? லூக்கின் லைட்சேபர், அதாவது ஒளிவாள், அவளைக் கூப்பிடுகிறது. பனிக்காட்டில் கைலோ இழுக்கும்போது அந்த வாள் அவனைத் தாண்டிப் பறந்து ரேயின் கையில் போய் உட்காருகிறது. இதற்குப் பிறகும் யோசிக்காதே என்றால் எப்படி?

லூக்கின் மகள் என்ற தியரிதான் பெரும்பான்மைக் கட்சி. பாலைவனம், தனிமை, விமானம் ஓட்டும் திறமை, குடும்ப வாள் எல்லாம் சரியாகப் பொருந்தும். பொருந்தாத ஒன்றே ஒன்று, லூக் எப்படிப்பட்டவன் என்பது. வேடரைக்கூடக் கைவிட மறுத்தவன் தன் குழந்தையை அன்கர் ப்ளட்டிடம் விட்டுவிட்டுப் போவானா? ஹான்-லேயா தியரிக்கும் இதே கதிதான், இன்னும் மோசம். பெற்ற மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஹான் கப்பல் ஓட்டும்போது அவன் முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை என்றால் அந்தத் தியரி அங்கேயே முடிந்துவிடுகிறது.

என் மனதைக் கொள்ளை கொண்டது கெனோபி தியரி. அதன் ஆதாரம் காதில் விழுந்தது. மாஸ் கனாட்டா என்ற மூதாட்டியின் கோட்டையில், நிலவறையில், பெட்டிக்குள் இருக்கும் லைட்சேபரை ரே தொடுகிறாள். காட்சிகள் சரசரவென்று மாறுகின்றன. மழை, கைலோவின் ரென் வீரர்கள், தூரப் போகும் ஒரு கப்பலைப் பார்த்துத் திரும்பி வா என்று கதறும் சிறுமி, அவள் கையைப் பிடித்திருக்கும் ப்ளட். கடைசியில் யாரோ அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, இவை உன் முதல் அடிகள் என்கிறார்கள். அந்தக் குரல் ஓபி-வானுடையது. அலெக் கின்னஸ் 2000-இலேயே காலமாகிவிட்டார். அவர் பேசி வைத்திருந்த பழைய பதிவில் ‘அஃப்ரெய்ட்’ என்ற சொல்லின் நடுவிலிருந்து ‘ரே’ என்ற ஒலியை மட்டும் வெட்டியெடுத்திருந்தார்கள். மிச்ச வாக்கியத்தை இளைய ஓபி-வானாக நடித்த இவான் மெக்ரெகர் பேசினார். இறந்துபோன ஒரு நடிகரின் குரலிலிருந்து ஒரே ஓர் அசையை எடுத்து அவள் பெயராக்கும் அளவுக்கு மெனக்கெட்டவர்கள், சும்மாவா செய்திருப்பார்கள்?

அந்தக் கட்சிக்காரர்கள் இதோடு நிற்கவில்லை. ரேயின் உச்சரிப்பு ஓபி-வானின் உச்சரிப்பு. எதிரியின் தளத்தில் சுவரைப் பிடித்து அவள் நகர்வதும், 1977 படத்தில் டெத் ஸ்டார் என்ற எதிரியின் விண்தளத்துக்குள் அவர் நகர்வதும் ஒன்றுபோல இருக்கின்றன. காவலனின் மனதை வசப்படுத்தும் வித்தையை நமக்கு முதன்முதலில் செய்து காட்டியவர் அவர், அதையே ரே யாரும் சொல்லித் தராமல் செய்கிறாள். ஜெடைகளுக்குக் கல்யாணம் கூடாதே என்றால் அதற்கும் பதில் வைத்திருந்தார்கள். ‘தி குளோன் வார்ஸ்’ அனிமேஷன் தொடரில் சட்டீன் என்ற பெண்ணிடம், நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஜெடை அமைப்பையே விட்டிருப்பேன் என்கிறார் ஓபி-வான். ஸ்கைவாக்கர் பேரன் இருட்டுக்குப் போக, கெனோபி பேத்தி அவனை மீட்க வருகிறாள் என்ற அந்தக் கற்பனையின் அழகை நினைத்தால் இன்றும் எனக்குச் சிலிர்க்கிறது. குருவால் சீடனிடம் முடிக்க முடியாத வேலையை அடுத்த தலைமுறைக்குக் கொடுக்கும் கதை அது.

பால்பட்டின் தியரி அப்போதே இருந்தது, ஆனால் சின்னக் கட்சி. பனிக்காட்டுச் சண்டையில் ரே வாளை வீசுவதைவிடக் குத்துவதுதான் அதிகம், 2005 படத்தில் பால்பட்டினும் அப்படித்தான் பாய்ந்து குத்துகிறார் என்பார்கள். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் ஒற்றுமை இருப்பது உண்மைதான்.

சாட்சியம் என்பது எவ்வளவு வழுக்கலான விஷயம் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். ஹான் இறந்த பிறகு எல்லோரும் தளத்துக்குத் திரும்புகிறார்கள். லேயா நேராக ரேயிடம் போய்க் கட்டிக்கொள்கிறாள். ஹானின் உயிர்த்தோழன் சூபாக்கா பக்கத்திலேயே கடந்து போகிறான், அவனை அவள் பார்க்கக்கூட இல்லை. முன்பின் தெரியாத பெண்ணை லேயா ஏன் அணைக்க வேண்டும், ரத்த சொந்தம் இருந்தாலொழிய? எத்தனையோ பேர் இதன்மேல் கோட்டை கட்டினார்கள். பிறகு இயக்குநர் ஜே.ஜே. ஏப்ரம்ஸே அது தான் செய்த தவறுகளில் ஒன்றாக இருக்கலாம் என்று சொல்லிவிட்டார். சூபாக்காவை அங்கே அப்படி நடக்க விட்டதில் வந்த பிசகு அது. ஆனாலும் பார்த்தவர்களின் கண் கூர்மையானது என்பதில் சந்தேகமில்லை. அங்கே ஏதோ சரியில்லை என்று அவர்கள் கண்டுபிடித்தார்களே, அது நிஜமாகவே சரியில்லைதான்.

கைலோவின் தலைவன் ஸ்னோக்கைப் பற்றிய தியரிகளையும் இதே காலத்தில் எழுதிக் குவித்தார்கள். ஸ்னோக்தான் அந்த டார்த் பிளேகஸ் என்பது முக்கியமான வாதம். 2005-இன் அரங்கக் காட்சியில் பின்னணியில் ஒலிக்கும் அடித்தொண்டைக் குரல்களையும் ஸ்னோக்குக்கு ஜான் வில்லியம்ஸ் போட்ட இசையையும் ஒப்பிட்டார்கள். கேட்டுப் பாருங்கள், காது ஒத்துக்கொள்ளும். ஆனால் ஸ்னோக் யார் என்று தெரிந்துகொள்ள ஸ்னோக்கே ஆசைப்படவில்லை. அதனால் அந்தக் கேள்வி என்னைப் பெரிதாகத் தொடவில்லை.

இங்கேதான் அந்தக் கீறல்களுக்கு வருகிறேன். ரேயின் பிறப்பைப் பற்றி முதன்முதலில் தியரி வைத்தது ரசிகர்கள் அல்ல, ரேதான். அவளுடைய தியரி எளிமையானது. என் பெற்றோர் என்னை விட்டுவிட்டுப் போனதற்கு ஏதோ பெரிய காரணம் இருக்கிறது, அவர்கள் திரும்பி வருவார்கள். சுவரில் இருக்கும் ஒவ்வொரு கீறலும் அந்தத் தியரிக்கு அவள் கொடுக்கும் இன்னொரு நாள். முதல் படத்திலேயே மாஸ் அவளிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறாள்: நீ யாருக்காகக் காத்திருக்கிறாயோ அவர்கள் வரப்போவதில்லை, நீ தேடும் சொந்தம் உனக்குப் பின்னால் இல்லை, முன்னால் இருக்கிறது. ரே அழுகிறாள், ஏற்றுக்கொள்ளாமல் ஓடுகிறாள். நாமும் ஏற்றுக்கொள்ளவில்லை. இரண்டு வருடங்கள் உட்கார்ந்து தலைக்கவசத்தையும் குரலையும் ஆராய்ந்த ஒவ்வொருவரும் ரே செய்த அதே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். அவளோடு சேர்ந்து காத்திருந்தார்கள். எந்த விளம்பரத்தாலும் வாங்க முடியாத ஒட்டுதல் அது.

அதனால்தான் ரியன் ஜான்சன் இயக்கிய ‘தி லாஸ்ட் ஜெடை’ என்னை அப்படி அடித்துப்போட்டது. லூக் ஒளிந்திருக்கும் தீவின் இருட்டுக் குகையில் ரே என் பெற்றோரைக் காட்டு என்று கேட்கிறாள். பனி படர்ந்த கண்ணாடி போன்ற சுவருக்குப் பின்னால் இரண்டு நிழல்கள் நெருங்கி வருகின்றன. இரண்டும் சேர்ந்து ஒன்றாகின்றன. பனி விலகினால் அங்கே நிற்பது அவளேதான். அப்புறம் ஸ்னோக்கின் சிம்மாசன அறை. எல்லோரும் நினைவில் வைத்திருப்பது கைலோ சொன்ன கொடுமையான வார்த்தைகளை. குடிக்கக் காசுக்காக உன்னை விற்ற குப்பை வியாபாரிகள், ஜாக்கு மணலில் அநாதைக் குழியில் கிடக்கிறார்கள் என்கிறான். ஆனால் அதற்கு முன்னால் நடப்பதைக் கவனியுங்கள். உனக்கே தெரியும், நீயே சொல் என்கிறான். கண்ணீரோடு, அவர்கள் யாருமே இல்லை என்று சொல்பவள் ரே. அவள் வாயிலிருந்துதான் பதில் வருகிறது. தன் தியரியைத் தானே கைவிடுகிறாள்.

லூக்குக்கு 1980-இல் கிடைத்த பதில் அவன் கேட்கக்கூடிய பதில்களிலேயே மோசமானது. ரே கேட்கக்கூடிய பதில்களில் மோசமானது எது என்று யோசித்தே இந்த இடத்துக்கு வந்ததாக ஜான்சன் சொல்லியிருக்கிறார். லூக்கின் மகள் என்றோ கெனோபியின் பேத்தி என்றோ சொல்லியிருந்தால் அவளுக்கு அது பரிசு. யாருமில்லை என்பதுதான் அடி. ஒரு பிறப்பு ரகசியத்தை நான் எடைபோடுவது இப்படித்தான். அது முன்கூட்டியே திட்டமிடப்பட்டதா என்பது எனக்கு முக்கியமில்லை. திரைக்கதையாசிரியர் லீ ப்ராக்கெட் 1978-இல் எழுதிக் கொடுத்த ‘எம்பயர்’ முதல் வரைவில் லூக்கின் அப்பாவும் வேடரும் வேறு வேறு ஆட்கள்தான், அப்பா ஆவியாக வந்து மகனிடம் பேசுகிறார். உலகம் கொண்டாடும் அந்தத் திருப்பமே பாதி வழியில் வந்து சேர்ந்ததுதான். அது நிலைத்ததற்குக் காரணம், கேட்டவனின் உயிரை அது உலுக்கியது.

2019-இல் ‘தி ரைஸ் ஆஃப் ஸ்கைவாக்கர்’ அந்தப் பதிலை மாற்றியது. ரே பால்பட்டினின் பேத்தி. பெற்றோர் வேண்டுமென்றே யாருமில்லாதவர்களாக வாழ்ந்தார்கள், அவளைக் காப்பாற்றத்தான் விற்றார்கள், அதற்காகவே கொல்லப்பட்டார்கள். ஸ்னோக் பால்பட்டின் செய்த உரு, தொட்டியில் மிதக்கும் பிரதிகளோடு சேர்த்து ஒரு நொடியில் கணக்குத் தீர்க்கப்பட்டது. படம் வந்த பிறகு வெளியான நாவலில், ரேயின் அப்பா பால்பட்டினிடமிருந்து உருவாக்கப்பட்ட, தோற்றுப்போன ஒரு குளோன் என்றும் விளக்கினார்கள். நதிமூலம், ரிஷிமூலம் பார்க்கக் கூடாது என்று சும்மாவா சொன்னார்கள். ஒரு மூலத்தைக் காட்டினால் அந்த மூலத்துக்கு ஒரு மூலம் கேட்கிறது.

இந்தப் பதிலில் எனக்குள்ள வருத்தம் சின்னச் சின்னப் பொருத்தங்களைப் பற்றியது அல்ல. ரே எப்போதாவது தன் ரத்தத்தைக் கண்டு பயந்தாளா? அவளுடைய பயம், தான் யாருக்கும் வேண்டாதவள் என்பது. பால்பட்டின் என்ற பதில் அவளிடம் இல்லாத ஒரு பயத்தைக் கொண்டுவந்து வைத்து, பிறகு அதைத் தீர்க்கிறது. உண்மையில் இருந்த காயத்தையோ, அவர்கள் உன்னை நேசித்தார்கள் என்று ஒரே வரியில் ஆற்றிவிடுகிறது. ஜாக்குவில் அவள் கீறிக்கொண்டிருந்த அந்தக் குழந்தைத்தனமான தியரி கடைசியில் சரியென்று ஆகிவிடுகிறது. சிம்மாசன அறையில் அழுதுகொண்டே அவள் கைவிட்டது வீணாகிறது. லூக் வளர்ந்த டாட்டூயினில் ஒரு மூதாட்டி குலப்பெயரைக் கேட்கும்போது, தானே தேர்ந்த பெயராக ஸ்கைவாக்கர் என்று ரே சொல்லும் இடம் மட்டும் எனக்குப் பிடிக்கும். அதுவும், யாருமில்லாதவளாகவே இருந்து அவள் சொல்லியிருந்தால் இன்னும் கனமாக விழுந்திருக்கும்.

2020-இல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில், ஆரம்பத்தில் ஓபி-வான் தொடர்பை யோசித்தார்கள், பிறகு யாருமில்லை என்றானது, கடைசிப் படம் வரைக்கும் பதில் மாறிக்கொண்டே இருந்தது என்று ரேயாக நடித்த டெய்ஸி ரிட்லி சொன்னார். இதைக் கேட்டுப் பலர் கொதித்தார்கள். எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. கெனோபி கட்சிக்காரர்கள் காற்றில் கோட்டை கட்டவில்லை. அவர்கள் நுகர்ந்த வாசனை உண்மையிலேயே அந்த அறையில் ஒரு காலத்தில் இருந்தது.

2023 ஏப்ரலில் லண்டனில் நடந்த ஸ்டார் வார்ஸ் விழாவில், ரிட்லி மீண்டும் ரேயாக வரும் ஒரு படத்தை அறிவித்தார்கள். ஷர்மீன் ஒபைத்-சினாய் இயக்கம், புதிய ஜெடை அமைப்பை ரே கட்டும் கதை. அந்தப் படம் வரும்போது அவள் தாத்தாவைப் பற்றி இன்னொரு விளக்கம் எனக்கு வேண்டாம். அவளிடம் கற்க வரும் பிள்ளைகளில், தன்னை விட்டுவிட்டுப் போனவர்களுக்காக வாசலைப் பார்த்துக்கொண்டே இருக்கும் ஒரு பிள்ளை இருக்க வேண்டும். அவர்கள் வருவார்களா என்று அது ரேயிடம் கேட்க வேண்டும். ரே என்ன பதில் சொல்வாள் என்பதைப் பற்றி யாராவது தியரி எழுதினால் முதல் ஆளாகப் படிப்பேன்.